குளம்பைப் பாக்கச் சொல்லு

ஹலோ… ஹலோ… ஆமா அக்கா, நான்தான். சொல்லு.

…ஆறு தடவையா? போனைச் சத்தமில்லாம வச்சிருந்தேன். கையில கயிறு. இப்பவும் அப்படித்தான், ஒரு கையில கயிறு, ஒரு கையில நீ.

…குதிரைக் கயிறுதான். நீ குடுத்த குதிரை, அந்தத் தபால்மேல உன் தம்பி பொண்டாட்டி உக்காந்திருக்கா.

…ஆமா, ஆமா. நிஜமாத்தான். முந்தாநாள் ஏறினா. இடுப்பு எலும்பு உடைஞ்சு ஒரு வருஷம் ஆகப் போகுது, இனிமே குதிரைப் பக்கமே வர மாட்டான்னுதான் நான் இருந்தேன். முத நாள் ஏறி உக்காந்து அழுதுட்டு இறங்கிட்டா. நேத்து ஒரு சுத்து. இன்னிக்கு இதோட எட்டு. உன் தபாலா இருக்கக்கண்டு ஏறினா. வேற எந்தக் குதிரையா இருந்தாலும் கிட்டயே போயிருக்க மாட்டா. அந்தக் குதிரையை நீ மாத்திக் குடுத்ததுக்கு நான்… சரி. சரி, சொல்லு. என்ன அவசரம்?

…யாருக்கு? இங்கேர்ந்து வந்த சிலுப்பிக்கா?

…தேய்க்கிறாளா. எங்க தேய்க்கிறா? …கழுத்து. பிடரி முழுக்கவா? …வால் அடியிலயும். …ரத்தம் வர்ற அளவுக்கா.

…ஒரு நிமிஷம் அக்கா, வச்சிடாதே. என்னம்மா? அக்காதான். ஒண்ணுமில்ல, சும்மா பேசறா. இந்தா, கயிறைக் கழட்டிடறேன், நீ பாட்டுக்கு வேலியோரமா நடத்திட்டுப் போ. தடம் மாற மாட்டான் அவன். குதிகாலைக் கீழ அழுத்து. நான் தீவன அறையிலதான் இருக்கேன், ஜன்னல் வழியாப் பாத்துட்டே இருப்பேன்.

…சொல்லு அக்கா. …வெளியில காத்து, ஒண்ணும் கேக்கல, அதான் உள்ள வந்துட்டேன்.

…எத்தனை நாளா? பதினஞ்சு நாளா? …மழை விட்டதுலேர்ந்து. ம். …ம்.

…ஒண்ணுமில்ல, ம்னா ம்தான். கேட்டுட்டிருக்கேன். வேலிப் பலகையை உடைச்சிட்டாளா. …மாமா காலை மிதிச்சாளா? …ரெண்டு காலையுமா? ஒரு காலை மிதிச்சதுமே நகர வேண்டியதுதானே அவர். …சிரிக்கல அக்கா. சத்தியமாச் சிரிக்கல.

…டாக்டரம்மா வந்துட்டாங்களா, நல்லதாப் போச்சு. பின்ன என்னை எதுக்கு… என்ன கேக்கறாங்க?

…இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கான்னா? இங்க இருந்தப்பவா?

…இல்லையே.

…இல்ல அக்கா. வந்ததா ஞாபகம் இல்ல. ரெண்டு வருஷம் இங்கதானே நின்னா. எல்லாக் குதிரைக்கும் மொய்க்கிற மாதிரி ஈ மொய்க்கும், வாலால அடிச்சுக்கும். அவ்வளவுதான்.

…ஆமா. அப்படியே சொல்லிடு. அங்க வந்து புதுசா வந்ததுன்னு.

…என்ன பூச்சின்னு சொல்றாங்க? …ஆமா, ஆமா. கொசு இல்ல. கொசுவை விடப் பொடிசு, கண்ணுக்கே தெரியாது. தண்ணி தேங்கின இடத்துல வளரும். உன் லாயத்துக்குப் பின்னாடிதான் குளம் கிடக்கே. பத்துக் குதிரையை அது கடிச்சா ஒம்போது பாட்டுக்கு மேஞ்சிட்டிருக்கும், ஒண்ணுக்கு மட்டும் ஒத்துக்காது. அந்த ஒண்ணுக்கு ஒரு கடி போதும், உடம்பே தீப்பிடிச்ச மாதிரி ஆயிடும். கடிக்கிறது பூச்சி, உடம்பைக் கிழிச்சுக்கிறது குதிரை.

…டாக்டரம்மாவும் இதையேதான் சொன்னாங்களா. ஆமா, நானும் எங்கயோ படிச்சேன்.

…இதுவரைக்கும் என்ன தடவினே? …ம். …அப்புறம்? …மண்ணெண்ணெயா?

யார் சொன்னது? …மாமாவா. அக்கா, அது என்ன விளக்கா, மண்ணெண்ணெய் ஊத்தறதுக்கு? ஏற்கெனவே தோல் உரிஞ்சு நிக்குது. …தண்ணி கலந்தா ஊத்தினீங்க? ரெண்டும் எங்க கலக்கும்? …எப்போ? …நாலு நாளா. நாலு நாளும் தடவினீங்களா?

…எனக்கு இப்போ கோவம் வரல. யார் கோவப்பட்டா? நீ முதல்ல வாளியில பச்சைத் தண்ணி எடு. வெந்நீர் வேண்டவே வேண்டாம், சூடு பட்டா அரிப்பு ரெண்டு மடங்காகும். குழாயைப் பீச்சி அடிக்காதே, குவளையால ஊத்து, கழுத்திலேர்ந்து கீழ வரைக்கும். பிரஷ் கூடாது. பழைய பனியன் துணி இருந்தா அதால ஒத்தி எடு, துடைக்காதே. மாட்டுக்கு அடிக்கிற பூச்சி மருந்து அலமாரியில வச்சிருப்பியே, பச்சை டப்பா, அதைத் தொடாதே. புண்ணுமேல பட்டா கத்திடுவா.

…அதையும் அடிச்சாச்சா. …சரி. சரி, விடு. கழுவு.

…எழுதிக்கிறியா? எழுதிக்கோ. சாயங்காலம் வெயில் இறங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே உள்ள கட்டிடணும். காலையில வெயில் நல்லா ஏறின அப்புறம்தான் வெளிய. அந்த ரெண்டு வேளையும்தான் அது கூட்டமா வரும். கொசுவலை பிரயோஜனமே இல்ல, அந்த ஓட்டையில ரெண்டு ரெண்டாப் போகும். ஃபேன் வை. பெருசா, சுவர்ல மாட்டறது. அவ முதுகுமேல நேரா அடிக்கணும். அதுக்குப் பறக்கத் தெம்பு கிடையாது, காத்தை எதிர்த்து வராது. ஒயரை மட்டும் எட்டாத உயரத்துல கட்டு, கடிச்சிடுவா.

…அப்புறம் போர்வை. காதுக்குப் பின்னாலேர்ந்து வால் வரைக்கும் மூடணும், வயித்துக்கும் சேர்த்து. மெல்லிசுத் துணி, நெசவு நெருக்கமா. இடது தோள்கிட்டப் பட்டையை ரெட்டையா வச்சுத் தைக்கச் சொல்லு, அங்கதான் பல்லால இழுத்துக் கிழிப்பா. வாளி மாட்டற கொக்கியைக் கழட்டிடு. அதுல கழுத்தை வச்சு…

…என்ன?

…இல்ல, பொதுவாச் சொன்னேன். எல்லாக் குதிரையும் தோள்லதானே…

…இடதுன்னு எப்படித் தெரியும்னா? கட்டறப்போ சுவர் வலது பக்கம் இருக்கும், இடது பக்கம்தான் திரும்ப முடியும். அதை வச்சுச் சொன்னேன். …நீ கட்டறப்போ சுவர் எந்தப் பக்கம்? …இடதா. சரி, அப்போ எப்படியோ. ரெண்டு பக்கமும் தைச்சிடேன்.

…அக்கா, விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதே.

…தெரியுது, சும்மாத்தான் சொல்றே. சும்மாகூட வேண்டாம். தபாலைத் திருப்பிக் கேக்கறேன்னு அவ காதுல விழுந்தா அவ்வளவுதான். ராத்திரி எழுந்து அவன் நிக்கிறானான்னு பாத்துட்டு வந்து படுக்கறா. கேட்டா தண்ணி குடிக்கப் போனேங்கிறா. தண்ணி சொம்பு கட்டில் பக்கத்துலயே இருக்கு.

…ஆமா. சரி. அங்க என்ன நடக்குது? டாக்டரம்மா என்ன பண்றாங்க?

…ஊசியா. என்ன ஊசி?

…அரிப்பு நிக்கறதுக்குன்னா எது? பேரு என்ன? …புட்டி கையில இருக்கா? படி. …தெளிவாப் படி அக்கா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படி.

…ஸ்டீராய்டா. எதுக்குக் கேக்கறேன்னா… அதெல்லாம் எதுக்கு இப்போ?

…தெரியும், ரத்தம் வருதுன்னு சொன்னே. அதுக்கு மருந்து தடவலாமே. கழுவி, களிம்பு போட்டு, ஃபேன் வச்சு ரெண்டு நாள் பாத்தா…

…இன்னிக்கே நிறுத்தணும்னு சொல்றாங்களா. புண்ணுல ஈ முட்டை வச்சிடும். ஆமா. அது வாஸ்தவம்தான். …இல்ல, நான் டாக்டருக்குப் படிக்கல. சரி. நான் டாக்டர் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அந்த ஊசி எல்லாக் குதிரைக்கும் சேராது அக்கா. இதையும் படிச்சேன். சிலதுக்குக் குளம்புல போய் இறங்கும்.

…கேளு, டாக்டரம்மாகிட்டயே கேளு. நான் இருக்கேன்.

ஏம்மா, கடிவாளத்தை அவ்வளவு இறுக்காதே. தளர்த்து. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படி. பேசிட்டுதான் இருக்கேன், நீ போ, போ.

…ஹலோ. என்ன சொன்னாங்க? …ம். பொதுவா ஒண்ணும் ஆகாது. …முன்னாடியே குளம்பு வீக்கம் வந்த குதிரைக்குத்தான் ஆபத்துன்னு சொல்றாங்களா. …ஆமா. அதான் நானும் படிச்சேன்.

…சிலுப்பிக்கு வந்திருக்கான்னா?

…அது… அக்கா, ஒண்ணு பண்ணேன். டாக்டரம்மாவைக் குளம்பைப் பாக்கச் சொல்லு. முன்னங்கால் ரெண்டையும். சும்மா ஒரு தடவை. பாத்தாத் தெரியுமே, அப்படி வந்திருந்தா குளம்புல வளையம் வளையமா கோடு விழுந்திருக்கும். நம்ம வாயால சொல்றதை விட அவங்க கண்ணால பாத்துக்கட்டும். எதுக்கும் ஒரு ஜாக்கிரதைதானே.

…குனிஞ்சு பாக்கச் சொல்லு. தூரத்துலேர்ந்து தெரியாது. கையை வச்சுத் தடவிப் பாக்கச் சொல்லு.

…ம்.

…ஒண்ணும் இல்லையா? …கோடே இல்லையா? …ரெண்டு கால்லயும்?

…கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொன்னாங்களா. …நல்லாப் பராமரிச்ச குளம்புன்னா. …ம்.

…இல்ல, சந்தோஷம்தான். ஏன் சந்தோஷம் இல்லாம? …குரல் ஒண்ணும் மாறல. அக்கா, குளம்புக்குள்ள எப்படி இருக்குன்னு எக்ஸ்ரே எடுக்க முடியுமா? …அடுத்த வாரமா. மிஷின் வெளியில போயிருக்கா. அதுக்குள்ள ஊசி போட்டுடுவாங்களே… இல்ல, ஒண்ணுமில்ல.

…கழுத்துல முடியை வழிச்சுட்டாங்களா. …மாமா பிடிச்சிருக்காரா. அவரைக் காலை நகத்தி வச்சு நிக்கச் சொல்லு.

…இல்ல, வைக்காதே. போனை வைக்காதே அக்கா. ஊசி போட்ட அப்புறம் கூப்பிடறேன்னு சொல்லாதே. லைன்லயே இரு.

…ஒண்ணும் சொல்ல வரல.

…மருந்தை உறிஞ்சியாச்சா?

அக்கா, நிறுத்து. நிறுத்தச் சொல்லு. ஊசியைக் கீழ வைக்கச் சொல்லு, அப்புறம் பேசறேன். முதல்ல கீழ வைக்கச் சொல்லு.

…வச்சாச்சா? …கையிலயே வச்சிருக்காங்களா? கீழ. தட்டுல. …நீ பாரு. உன் கண்ணால பாத்துச் சொல்லு. …சரி.

வந்திருக்கு.

…அரிப்பும் வந்திருக்கு, குளம்பு வீக்கமும் வந்திருக்கு. ரெண்டும். இங்க இருந்த ரெண்டு வருஷமும் மழை விட்டா இதே கதைதான். போன வருஷம் தாங்க முடியாம இதே ஊசி போட்டோம். ஒரு வாரம் விட்டு இன்னொண்ணு. ரெண்டாவது போட்ட மூணாம் நாள் காலையில போய்ப் பாத்தா, பின்னங்கால் ரெண்டையும் வயித்துக்கு அடியில கூட்டி வச்சுக்கிட்டு நிக்கறா. முன்னங்காலைத் தரையில அழுத்தி ஊனவே இல்ல. குளம்பைத் தொட்டா கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்ட மாதிரி. நாப்பது நாள் அக்கா. மணல்லயே கிடந்தா. வாளியில ஐஸ் போட்டு, அதுல காலை வச்சு, நான் ராத்திரி பகல்னு பாக்கல. இங்க இருந்த டாக்டர் தாள்லயே எழுதிக் குடுத்தார், இனிமே இந்த ஊசி கூடாது, இன்னொரு தடவை போட்டா குதிரை எழுந்திருக்காதுன்னு.

…இருக்கு அந்தத் தாள். இந்த அறையிலதான். தீவன மூட்டைக்கு மேல, அலமாரியில.

…ஆமா. அனுப்பல.

…டாக்டரம்மாகிட்டச் சொல்லு. நீ என்னை அப்புறம் திட்டிக்கோ. முதல்ல அவங்ககிட்டச் சொல்லு, அவங்க ஊசியை எடுத்து வைக்கட்டும்.

…வச்சுட்டாங்களா. …பெட்டிக்குள்ள. சரி.

…வளையம் ஏன் இல்லைன்னு கேக்கறாங்களா. கேப்பாங்க. …லாடம் அடிக்கிறவரை வச்சு அரத்தால தேய்க்கச் சொன்னேன். வண்டியில ஏத்தறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. தேய்ச்சு, எண்ணெய் போட்டுப் பளபளன்னு ஆக்கிக் குடுத்தார். அவருக்குப் பிடிக்கல, ஆனா பண்ணினார். அப்புறம் எட்டு மாசம் மேலேர்ந்து புதுசா வேற வளர்ந்திருக்கு. எப்படித் தெரியும்? நானே மூடி வச்சுட்டு அவங்களைப் பாக்கச் சொன்னா எங்கேர்ந்து தெரியும்?

…ஆமா. அவங்க கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா நான் சொல்ல வேண்டாமேன்னுதான் பாக்கச் சொன்னேன்.

…ஆமா. பிடரியும் அப்படித்தான். மொட்டையா வெட்டி விட்டா கழுத்து எடுப்பாத் தெரியும், இப்போ எல்லாரும் அப்படித்தான் வெட்டறாங்கன்னு சொன்னேன்ல. வெட்டறதுக்கே அங்க முடி இல்ல. பாதி அவளே தேய்ச்சு உதுத்துட்டா, மீதியை நான் வழிச்சேன். நீ அவ கழுத்தைத் தடவிட்டு நல்லா இருக்குடான்னே. நான் நின்னு கேட்டுட்டிருந்தேன்.

…குளிர் மாசத்துல அனுப்பினதும் தெரிஞ்சுதான். அப்போ பூச்சி இருக்காது.

…குளம் இருக்கிறதும் தெரியும் அக்கா. அந்தக் குளத்துல நான் நீச்சல் கத்துக்கிட்டவன்தானே, எப்படித் தெரியாம இருக்கும்?

…திட்டு. நல்லாத் திட்டு. …ஆமா. …ஆமா. கூடப்பிறந்தவன்தான். …வெளியாள்னா நாலு இடத்துல விசாரிச்சிருப்பே. தம்பிங்கிறதாலதான் குதிரை வாயைக்கூடத் திறந்து பாக்கல. …ஆமா.

…சவாரி கத்துக்க வர்ற பிள்ளைங்களை ஏத்தினியா அவமேல? இந்தப் பதினஞ்சு நாள்ல? …ஏத்தலையா. நிஜமாத்தானே? …பெரிய பையன் ஒருத்தன் ஒரே ஒரு நாளா. அவனுக்கு ஒண்ணும்… சரி. சரி. இனிமே ஏத்தாதே. அரிப்பு எடுத்தா அவளுக்கு மேல ஆள் இருக்கிறதே ஞாபகம் இருக்காது. சுவர், தூண், எது கிடைச்சாலும் ஓடிப் போய் உரசுவா.

…

…ஆமா.

…நீ கேக்கறது புரியுது. …இவ இடுப்பு உடைஞ்சது படியில விழுந்து இல்ல.

…சிலுப்பிதான். கொட்டகைத் தூண்ல போய் உரசினா, மேல உக்காந்திருந்த இவ இடுப்பு தூணுக்கும் குதிரைக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்கு நீ வந்தப்போ படியில விழுந்தேன்னு அவளேதான் சொன்னா. உனக்குப் பயந்து. அந்தக் குதிரை வேண்டாம், கண்ணே சரியில்லைன்னு நீ முதல்லயே சொன்னது எங்க ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

…ஆமா, அதுக்கு அடுத்த வாரம்தான் ஊசி போட்டோம். ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, ஒரு பக்கம் லாயம். எனக்கு யார்மேல கோவப்படறதுன்னே தெரியல. குதிரைமேல கோவப்பட்டு என்ன பண்றது, அதுக்கு அரிக்குது.

…அழல. மூட்டைத் தூசி.

…டாக்டரம்மா கேக்கறாங்களா? கேக்கட்டும், சொல்றேன். …போன வருஷம், மழை விட்டு ரெண்டாவது மாசம். …அளவு அந்தத் தாள்ல இருக்கு, இரு, எடுக்கறேன். ஒரு நிமிஷம்… இருக்கு, இருக்கு. போட்டோ எடுத்து அனுப்பறேன். …பின்னங்கால்ல வரல, முன்னங்கால் மட்டும். …நடை இப்போ சரியாத்தான் இருக்கு, கல்லு மேல போனா மட்டும் கொஞ்சம் யோசிப்பா. …அப்போ மாத்திரை குடுத்தோம், அரிப்புக்கு, அது ஸ்டீராய்டு இல்ல. தூக்கம் வர்ற மாதிரி நிப்பா, வேற ஒண்ணும் பண்ணல. …அதையே குடுக்கறாங்களா. சரி. களிம்பு, மாத்திரை, பச்சைத் தண்ணி. ஃபேன் இன்னிக்கே வாங்கணும் அக்கா, நாளைக்குன்னு தள்ளாதே. அரிப்பு நிக்கறது மருந்துல பாதி, கடி படாம இருக்கறதுல பாதி.

…போர்வை என்கிட்டயே இருக்கு. அவளுக்குன்னே தைச்சது. அதையும் ஒளிச்சு வச்சுட்டேன், குடுத்தனுப்பினா ஏதுன்னு கேப்பியே. நாளைக்கு விடியறப்போ வண்டி எடுத்துட்டு வந்துடறேன். மூணு மணி நேரம்தானே. சிலுப்பியை நான் கூட்டிட்டு வந்துடறேன், நீ…

…தபாலா?

…கேளு. உன் குதிரைதானே. கேக்க உனக்கு உரிமை இருக்கு. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

…ம்.

…இப்பவும் அவன்மேலதான் இருக்கா. ஜன்னல் வழியாத் தெரியுது. கயிறு இல்லாம சுத்தறா. என்னைப் பாத்துக் கையை ஆட்டறா. …ஒரு கையை விட்டுட்டா அக்கா. ஒரு கையால கடிவாளம் பிடிச்சிருக்கா.

…என்ன கேட்டே?

…இதெல்லாம் அவளுக்குத் தெரியுமான்னா? அவளுக்கு எல்லாம்… அவ சொல்லித்தான் மாத்தினேன்னு நினைக்காதே. அவமேல தப்பு இல்ல. குதிரையை மாத்தறேன்னு சொன்னப்போ அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு மாத்து, படியில விழலைங்கிறதையும் சேர்த்துச் சொல்லு. சொல்லாம மாத்தினா நான் தபால்மேல ஏற மாட்டேன்னா.

…சொல்லிட்டேன்னு சொல்லிட்டேன்.

…ஆமா. நீ எல்லாம் தெரிஞ்சே, அவளுக்காக, அரிப்பு பிடிச்ச குதிரையை வாங்கிக்கிட்டேன்னு அவ நினைச்சிட்டிருக்கா. எட்டு மாசமா. அதனாலதான் உனக்கு அப்படி ஒரு லெட்டர் எழுதினா. ஒரு கிழட்டுக் குதிரையைக் குடுத்ததுக்கு இவ்வளவு நன்றியாடான்னு நீ போன்ல சிரிச்சியே, அந்த லெட்டர். நீங்க ரெண்டு பேரும் எப்போ பேசினாலும் நான் பக்கத்துலயே வந்து உக்காந்திருப்பேன். பேச்சு குதிரைப் பக்கம் போனா போனை வாங்கிடுவேன்.

…அக்கா.

…வேண்டாம். அவகிட்ட நீ சொல்லாதே. நான் சொல்லிக்கறேன். ராத்திரி சாப்பிட்டுட்டு, நிதானமா…

…இப்பவேயா. …அவ குதிரைமேல இருக்கா அக்கா. …இறங்கின அப்புறம் சொல்றேனே. இன்னும் நாலு சுத்து போகட்டும்.

…சரி.

…இல்ல, கட் பண்ண மாட்டேன். நீ கேட்டுட்டே இரு. போறேன். கதவைத் திறக்கறேன், காத்து இரையும்.

…நீ வெறும் தபாலைக் கேட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும் அக்கா.

என்னம்மா. இங்க வா. இறங்க வேண்டாம், அப்படியே கொண்டு வா. வேலிகிட்ட நிறுத்து. ஆமா, பாத்தேன். பாத்துட்டேதான் இருந்தேன், ஒரு கையால பிடிச்சதைக்கூடப் பாத்தேன். ரொம்ப நல்லா இருந்தது.

இல்ல, அக்கா லைன்லதான் இருக்கா. சிலுப்பிக்கு மறுபடி வந்துடுச்சு. இல்ல, இல்ல, ஊசி போடல. போட இருந்தாங்க.

ஏன்னா டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

ஆமா. எதுவுமே தெரியாது. நான் சொல்லவே இல்ல. இப்போதான், ஒரு பத்து நிமிஷம் முன்னாடிதான் சொன்னேன். படியில விழலைங்கிறதையும் சேர்த்து.

இறங்காதே. சொன்னாக் கேளு, தனியா இறங்காதே, நான் பிடிச்சுக்கறேன். இரு, இரு… சரி. காலை மெதுவா ஊனு. என்னைப் பிடிக்க வேண்டாம்னா வேலியைப் பிடிச்சுக்கோ.

…அக்கா, இறங்கிட்டா. கையை நீட்டறா, போனைக் கேக்கறா.

இந்தா. பேசு.